"இரண்டு மடங்காகத் தருவோம்" என்று சொல்லிக் குறும்படத்துக்குப் பணம் திரட்டினேன், சிக்கலாகுமா?

கேள்வி: நண்பர்களோடு குறும்படம் எடுக்கிறேன். "ஆயிரம் ரூபாய் போடுங்கள், ஓடிடியில் விற்றதும் இரண்டாயிரமாகத் தருவோம். ஐயாயிரம் கொடுத்தால் நீங்களும் இணைத் தயாரிப்பாளர்" என்று வாட்ஸப்பில் போஸ்டர் போட்டோம். 74 பேர் அனுப்பிய ரூ.1,86,000 என் சொந்தக் கணக்குக்கு வந்தது. நான்கு நாள் படப்பிடிப்போடு முக்கிய நடிகர் விலகிவிட்டார். பணம் போட்ட ஒருவர், மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கப்போவதாக மிரட்டுகிறார். என்ன செய்வது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். படம் நின்றுபோனதாலேயே அது மோசடி ஆகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின்படி மோசடி என்று சொல்ல, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கேமரா வாடகை ரசீது, சாப்பாட்டு பில், எடுத்த காட்சிகள் உள்ள ஹார்டு டிஸ்க் எல்லாம் உங்கள் பக்கம் பேசும்.

எனக்குக் கவலை தருவது அந்த போஸ்டரில் உள்ள "இரண்டாயிரமாகத் தருவோம்" என்ற வரிதான். திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கினால் அதை 'டெபாசிட்' என்று பார்க்க 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம் இடம் கொடுக்கிறது. தனிநபருக்கும் அது பொருந்தும். அப்படி டெபாசிட் வாங்கினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தொழிலாகச் செய்வதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கிறது, ஒரே ஒரு குறும்படம் தொழில் ஆகாது என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நின்று சொல்லும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

அதனால் இன்றைக்கே அந்த போஸ்டரைப் பரப்புவதை நிறுத்துங்கள். ஆனால் பழைய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் மறைத்தது போலாகிவிடும். வரவு செலவு முழுவதையும் 74 பேருக்கும் அனுப்புங்கள். கோபமாக இருப்பவருக்கு அவர் கொடுத்த தொகையை மட்டும், இரட்டிப்பாக இல்லாமல், வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

'இணைத் தயாரிப்பாளர்' பட்டத்தையும் இப்படி அள்ளிக் கொடுக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு ஆசிரியர், அதாவது பொதுவாக முதல் உரிமையாளர், என்றால் தயாரிப்பாளர்தான். ஐயாயிரம் கொடுத்தவர் நாளை, படத்தில் எனக்கும் உரிமை உண்டு என்று வந்து நிற்பார். டைட்டில் கார்டில் 'நன்றி' என்று பெயர் போடுங்கள், அது போதும். உண்மையிலேயே லாபத்தில் பங்கு கேட்கிற ஓரிருவர் இருந்தால், அவர்களோடு தனியாக ஒப்பந்தம் எழுதி, உரிமை யாருக்கு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

வருமான வரியையும் மறக்க வேண்டாம். உறவினர் அல்லாதவர்கள் அன்பளிப்பாகத் தந்த பணம் ஓர் ஆண்டில் மொத்தம் ரூ.50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். ஆடிட்டரிடம் ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள். 74 பேரில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் யாராவது இருந்தால், அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தனிக் கதை.

மறுபடி பணம் திரட்டும்போது படத்துக்கென்று தனிக் கணக்கு திறந்து, "இது நன்கொடை, பணமாக எதுவும் திரும்பக் கிடைக்காது" என்று போஸ்டரிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அதற்குள் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் தனியாகப் போகாதீர்கள். பில்களையும் அந்த ஹார்டு டிஸ்கின் ஒரு நகலையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரோடு போங்கள்.