ஏற்காட்டுக் கடையில் பார்த்த கார்னெட்டை வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளை கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) பார்த்தோம். 'பூசி அண்டு ஹாக்ஸ், லண்டன்' என்று பொறித்திருக்கிறது. 1890-ல் செய்தது, 30 ஆயிரத்துக்குக் குறையாது என்கிறார் கடைக்காரர். சர்ச்சில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க மகனுக்கு வேண்டும். வாங்கலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அந்தப் பெயரும் அந்த ஆண்டும் ஒத்துப்போகவில்லை. பூசி அண்டு கோ, ஹாக்ஸ் அண்டு சன் என்று தனித்தனியாக இருந்த இரண்டு லண்டன் நிறுவனங்கள் ஒன்றானதே 1930-ல்தான். இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் கருவி அதற்குப் பிந்தியது. வயதைச் சொல்லிக் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள். பெயர் உலோகத்தின் மேலேயே வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனித் தகட்டில் எழுதி ஒட்டியிருந்தால் அந்தப் பெயரையே நம்ப வேண்டாம்.

மகன் வாசிக்கப்போகிறார் என்பதால் இதைவிட முக்கியமானது சுருதி. இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் 1960-கள் வரை உயர்ந்த சுருதியிலேயே வாசித்தன. இன்று ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வு, அவர்களுக்கு அது சுமார் 452. வித்தியாசம் ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. கீபோர்டோடு சேர்ந்தால் காது கூசும். கைபேசியில் டியூனர் செயலியைப் போட்டு, டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க உள்ளே வெளியே நகர்த்தும் குழாயை) முழுதும் உள்ளே தள்ளி, வால்வு எதையும் அழுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் முள் நின்றால் பழைய சுருதிக் கருவி. ஸ்லைடை 2 செ.மீ. வெளியே இழுத்தால் பி ஃபிளாட்டுக்கு இறங்க வேண்டும். அவ்வளவு இழுக்க இடமில்லாவிட்டால், அல்லது இழுத்தும் இறங்காவிட்டால், விட்டுவிடுங்கள்.

அடுத்து வால்வு. பிஸ்டன்களுக்கு (வால்வுக்குள் விரலழுத்தத்தில் மேலும் கீழும் போகும் உருளைகள்) வால்வு எண்ணெய் மும்மூன்று சொட்டு விடுங்கள். காய்ந்த வால்வு நல்லதாக இருந்தாலும் காற்றுக் கசியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏற்காட்டுக் குளிரில் உறைந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, பிஸ்டனை அழுத்தாமல் அந்த வால்வுக்கே உரிய சிறிய ஸ்லைடை 2 செ.மீ. இழுத்து, ஐந்து நொடி பொறுத்து, பிஸ்டனை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் இறுக்கம் இருக்கிறது. மூன்றிலும் சத்தமே வராவிட்டால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. மறுபடி முலாம் பூசி, உறைக்குப் பொருந்த இழைத்துத் தர வேண்டும். பாத்திரப் பட்டறையில் ஆகிற வேலையில்லை அது.

கடைசியாக, மவுத்பீஸ் செருகும் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ரோஜா நிறத்தில் குண்டூசித் தலையளவு புள்ளிகள், நடுவில் கருப்பு என்று இருந்தால், எச்சில் ஈரத்தில் துத்தநாகம் கரைந்து உள்ளிருந்து அரித்து வருகிறது என்று பொருள். மெருகேற்றினால் மறையாது, குழாயையே மாற்ற வேண்டும். சொட்டைகளை எடுத்துவிடலாம், இதை முடியாது.

எல்லாம் தேறினாலும், 1890 என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விலையைப் பாதியிலிருந்து பேசத் தொடங்கலாம். எழுதிக் கொடுத்துப் பொய்யென்று தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: தாத்தாவின் யூபோனியம் (பெரிய பித்தளை ஊதுகருவி) கறுத்து, மூட்டுகளில் களிம்பு ஏறிக் கிடக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் பாலிஷ் போட்டால் தங்கம் மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். விற்கும் எண்ணமும் உண்டு.
- வாசகர், ஆத்தூர்

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்தக் கருவிகளின் தகடு அரை மி.மீ. கனம்தான். பாலிஷ் போடும் பஃப் சக்கரம் முதலில் தின்பது பெயரையும் எண்ணையும், அதாவது நீங்கள் விற்கப்போகும் விலையை. அந்தக் கறுப்பு, வெள்ளி முலாம் கறுத்ததாகவும் இருக்கலாம். பலவற்றுக்கு வெள்ளி பூசியே விற்றார்கள். வெள்ளியா என்று கொலுசுப் பட்டறைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள், தேய்க்க மட்டும் விடாதீர்கள். புளியும் வேண்டாம், மூட்டில் தங்கி அரிக்கும்.

பிஸ்டன்களை 1, 2, 3 என்று பிரித்து வைத்து, கருவியின் உடலை வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து 20 நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய பாட்டில் பிரஷ்ஷால் தேயுங்கள். இறுகிய ஸ்லைடுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, வளைவுக்குள் துணிக்கயிற்றைக் கோத்து நேராக இழுங்கள். குறடு பட்டால் குழாய் நசுங்கும். கழுவியபின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வைக்காதீர்கள். மூத்திரத்தின் அம்மோனியா, உள்ளே இறுக்கம் உள்ள பித்தளையைத் தானாகவே விரிசல் விட வைக்கும். அன்றைய இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் விரிசல் விட்டது இதனால்தான்.