155 வருஷ வாஸ்ப்ஸ் கிளப் எப்படி கைய விட்டுப் போச்சு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இங்கிலாந்து ரக்பி கிளப் வாஸ்ப்ஸ் திவாலானதப் பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்கதான் இந்த வாட்டி முழுக்க.

கேள்வி: ஸ்கூல் காலத்துல இருந்தே ரக்பி பாக்குறேன். லாரன்ஸ் டல்லாலியோ கேப்டனா இருந்தப்போ வாஸ்ப்ஸ்னா எங்க செட்டுக்கே உயிரு. ஆறு லீக் பட்டம், ரெண்டு ஐரோப்பா கோப்பை ஜெயிச்ச கிளப்புக்கு எப்படிங்க இந்த நிலம?
(வாசகர், கண்டி)

கப்பு ஜெயிக்கிறது வேற, காசு கைல நிக்கிறது வேறங்க. 2003, 2004, 2005னு தொடர்ந்து மூணு லீக், 2004லயும் 2007லயும் ஐரோப்பா கோப்பை, 2008ல மறுபடி லீக், இவ்ளோ ஜெயிச்ச அந்த வருஷங்கள்லயும் வாஸ்ப்ஸுக்குன்னு சொந்தமா பெரிய ஸ்டேடியம் கிடையாது. லண்டன் பக்கத்து ஊரான ஹை வைகம்ப்ல ஒரு ஃபுட்பால் கிளப்போட ஆடம்ஸ் பார்க் ஸ்டேடியத்துல வாடகைக்கு ஆடிட்டு இருந்தாங்க, அங்க கொள்ளளவே பத்தாயிரம் சொச்சம்தான். வாடகை கிரவுண்ட்ல ஆடுனா டிக்கெட் காசு வரும், ஆனா மேட்ச் இல்லாத நாள்ல கல்யாண மண்டபம் மாதிரி வாடகைக்கு விட்டு சம்பாதிக்கிறது, பார், ஹோட்டல், கான்ஃபரன்ஸ் இதெல்லாம் கிரவுண்ட் வச்சிருக்கவனுக்குத்தான் போகும்.

2012லயே கிளப் கிட்டத்தட்ட முடியிற நிலமைக்கு வந்துடுச்சு. அப்புறம் அயர்லாந்து தொழிலதிபர் டெரெக் ரிச்சர்ட்சன் வந்து கைல எடுத்தாரு. 2014ல அவங்க எடுத்த முடிவு ரொம்பப் பெருசு, ஹை வைகம்ப விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி கோவென்ட்ரில இருக்குற ரிக்கோ அரீனாவ 250 வருஷ குத்தகையோட வாங்கிட்டாங்க, முப்பதாயிரத்துக்கு மேல சீட்டு, ஹோட்டல், எக்ஸிபிஷன் ஹால் எல்லாம் சேத்து. அந்த டிசம்பர்ல லண்டன் ஐரிஷ் கூட ஆடுன மொத மேட்சுக்கு 28,254 பேர் வந்தாங்க. லண்டன் பக்கத்து பழைய ரசிகர்கள் பல பேருக்கு அந்த இடமாற்றம் தாங்கவே முடியல, ஞாயமான வருத்தம்தான். ஆனா சொந்த கிரவுண்ட் வேணும்னு நினைச்சது தப்பில்லன்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன்.

தப்பு அடுத்த வருஷம் ஆரம்பிச்சுது. 2015 மே மாசம் பொதுமக்கள் கிட்ட 3.5 கோடி பவுண்ட் கடன் பத்திரம் வித்தாங்க, ஏழு வருஷம், வட்டி 6.5 சதவீதம். கணக்கு போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு வட்டி மட்டுமே 22 லட்சத்து 75 ஆயிரம் பவுண்ட், அதுக்கு மேல ஏழாவது வருஷம் மொத்த அசலையும் ஒரே தவணைல திருப்பணும். ஏற்கனவே நஷ்டத்துல ஓடுற கிளப் ஏழு வருஷத்துல 3.5 கோடிய எங்க சேத்து வைக்கும்? திட்டமே என்னன்னா, கெடு வரும்போது இன்னொருத்தர் கிட்ட புதுக் கடன் வாங்கி இத அடைச்சுக்கலாம்ங்கிறதுதான். இதுக்கு நடுவுல சார்ல்ஸ் பியுடாவ், கர்ட்லி பீல், டேனி சிப்ரியானின்னு நட்சத்திரங்கள வேற எடுத்தாங்க. ஆட்டம் என்னமோ பிரமாதமா இருந்துச்சு, 2016-17 சீசன்ல பாயின்ட்ஸ் டேபிள்ல முதலிடம், ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம் போய் எக்ஸெட்டர் கிட்ட 23-20னு தோத்தாங்க, அந்த மேட்ச் எல்லாம் மறக்கவே முடியாது.

2022 மே மாசம் கெடு வந்துச்சு, புதுக் கடன் குடுக்க ஆள் வரல. செப்டம்பர்ல வரி ஆபீஸ் சுமார் 20 லட்சம் பவுண்ட் பாக்கி கேட்டு நெருக்குச்சு. அக்டோபர் 17, திங்கக்கிழமை, கிளப் திவால் நிர்வாகிங்க கைக்குப் போச்சு, அன்னிக்கே பிளேயர், ஸ்டாஃப் சேத்து 167 பேருக்கு வேல போச்சு. 1867ல ஆரம்பிச்ச கிளப்புங்க அது. 3.5 கோடி கடன் கழுத்த நெரிச்சப்போ கடைசியா தள்ளிவிட்டது அந்த 20 லட்சம், பெரும்பாலான திவால் கதைல இப்படித்தான் நடக்கும்.

கேள்வி: கொரோனா வரலன்னா தப்பிச்சிருப்பாங்கதானே?
(வாசகர், சென்னை)

கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கும், அவ்ளோதான். 2020 மார்ச்ல லீக் நின்னுச்சு, ஆகஸ்ட்ல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல மறுபடி ஆரம்பிச்சாங்க, அது பெரிய அடிதான், மறுக்கல. அரசாங்கம் கிளப்புங்களுக்கு உதவி பண்ணுச்சு, ஆனா பெரும்பாலும் கடனாத்தான் குடுத்துச்சு, வாஸ்ப்ஸ் மாதிரியே 2022ல விழுந்த வூஸ்டர் வாரியர்ஸ் கிளப்புக்கு மட்டும் 1.5 கோடி பவுண்டுக்கு மேல.

ஆனா அதுக்கு முன்னாடியும் எக்ஸெட்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு தவிர மத்த பிரீமியர்ஷிப் (இங்கிலாந்தோட முதல் டிவிஷன் லீக்) கிளப் எல்லாமே வருஷா வருஷம் நஷ்டம்தான், அந்த ஓட்டைய ஓனர் தன் பாக்கெட்லேர்ந்து அடைப்பாரு. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்துச்சு, அடிப்படைத் தொகை 64 லட்சம் பவுண்ட், ஆனா அணிக்கு ரெண்டு நட்சத்திர பிளேயரோட சம்பளம் அந்தக் கணக்குலயே வராது. அந்த உச்சவரம்ப முழுசா தொடலன்னா தோத்துடுவோம்னு எல்லாரும் தொட்டாங்க, வருமானம் எவ்ளோன்னு பாத்து செலவு பண்ணல, பக்கத்து கிளப் எவ்ளோ செலவு பண்றான்னு பாத்து பண்ணாங்க. மாசா மாசம் மாமனார் அனுப்புற பணத்தயும் சேத்து நம்ம சம்பளம்னு நினைச்சு பெரிய வீடா வாடகைக்கு புடிச்சா என்ன ஆகும், அந்தக் கததான்.

2018 டிசம்பர்ல சிவிசிங்கிற முதலீட்டு நிறுவனம் லீக்கோட வணிக வருமானத்துல 27 சதவீதத்த 20 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து வாங்குச்சு. கிளப்புங்க கைல மொத்தமா ஒரு தொகை வந்துச்சு, வந்த வேகத்துல பழைய கடனுக்கும் சம்பளத்துக்கும் போச்சு, ஆனா அந்த 27 சதவீதம் போனது போனதுதான். கொரோனாவ மட்டும் பழி சொன்னா இந்த முடிவுகள எடுத்தவங்க எல்லாரும் தப்பிச்சுடுவாங்க, அதுல எனக்கு சம்மதமே இல்ல.

கேள்வி: பத்திரம் வாங்குன ரசிகர்களுக்கு பணம் திரும்பக் கிடைச்சுதா?
(வாசகி, திருச்சி)

முழுசா கிடைக்கல. பத்திரத்துக்கு ஸ்டேடியம் ஈடா இருந்துச்சு, அத மைக் ஆஷ்லியோட ஃப்ரேசர்ஸ் குரூப் 2022 நவம்பர்ல சுமார் 1.7 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. 3.5 கோடி கடனுக்கு 1.7 கோடி சொத்து, அதுலயும் நிர்வாகிங்க செலவு வேற போகும். இந்தக் கதைல எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் இதுதான். குறைஞ்சபட்ச முதலீடு 2,000 பவுண்ட், கிளப் மேல பாசத்துல ரிட்டயர்மென்ட் சேமிப்ப போட்டவங்கள்லாம் இருப்பாங்க, பேங்க்ல வட்டி ரொம்பக் கம்மியா இருந்த காலத்துல 6.5 சதவீதம் ஏன் குடுக்குறாங்கன்னு அவங்களுக்கு உக்காந்து எடுத்துச் சொல்ல யாரும் இல்ல.

கேள்வி: பிளேயருங்க என்ன ஆனாங்க?
(வாசகர், டொரொன்டோ)

நட்சத்திரங்க பொழச்சுக்கிட்டாங்க. ஜாக் வில்லிஸ் துலூஸ் போனாரு, 2023லயும் 2024லயும் ஃபிரெஞ்சு லீக் பட்டம், 2024ல ஐரோப்பா கோப்பையும் ஜெயிச்சுட்டாரு. வெளிநாட்டு கிளப்ல ஆடுனா இங்கிலாந்து டீம்ல எடுக்கமாட்டாங்கங்கிறது ரூல், கிளப் மூடுனதால போனவங்களுக்கு அப்போ விலக்கு குடுத்தாங்க, அவர் 2023 உலகக் கோப்பை ஆடுனாரு, அப்புறம் பிரான்ஸ்லயே இருந்துட்டதால இங்கிலாந்து கதவு மூடிக்கிச்சு. ஆல்ஃபி பார்பெரி பாத் கிளப்புக்கு போனாரு. வூஸ்டர்லேர்ந்து ஒல்லி லாரன்ஸ், டெட் ஹில் போனதும் பாத்துக்குத்தான், அந்த பாத்தான் 2025ல சாம்பியன்.

வூஸ்டர் கத இன்னும் மோசம்ங்க. அந்த கிளப் வாஸ்ப்ஸுக்கு மூணு வாரம் முன்னாடியே விழுந்துச்சு. சம்பளம் பாதியும் முக்காலுமா வந்துட்டு இருந்த நேரத்துலயும் ஸ்டாஃப் வந்து கேட் தொறந்து மேட்ச நடத்திக் குடுத்தாங்க, செப்டம்பர் 24 கடைசி மேட்ச்ல நியூகாசில 39-5னு அடிச்சாங்க, ரெண்டு நாள்ல சஸ்பெண்ட். பிளேயருங்களோட கான்ட்ராக்ட் எல்லாம் ஒரு தனி துணை கம்பெனி பேர்ல இருந்துச்சு, அக்டோபர் 5ம் தேதி கோர்ட் அந்தக் கம்பெனிய கலைச்சதும் எல்லா கான்ட்ராக்டும் ஒரே நிமிஷத்துல செத்துப் போச்சு. ஜாக் வில்லிஸுக்கு துலூஸ் இருந்துச்சு, புல் வெட்டுறவருக்கும் டிக்கெட் கவுன்டர்ல இருந்த அம்மாவுக்கும் யாரு இருந்தாங்க? சீசன் நடுவுல அகாடமில இருந்த 18 வயசுப் பசங்க எங்க போவாங்க? இதப் பத்தி பேப்பர்ல வந்தது ரொம்பக் கொஞ்சம்.

கேள்வி: ரக்பி சங்கம் தூங்கிட்டா இருந்துச்சு?
(வாசகர், கோவை)

பார்லிமென்ட் கமிட்டி 2023 ஜனவரில குடுத்த ரிப்போர்ட் சங்கத்தையும் லீக்கையும் சேத்தே கடுமையா கண்டிச்சுது. அதுக்கப்புறமும் 2023 ஜூன்ல லண்டன் ஐரிஷ் போச்சு, அந்த சீசன் லீக்ல அஞ்சாவதா முடிச்ச டீம். செப்டம்பர்ல ஜெர்சி ரெட்ஸ் போச்சு, அவங்க ரெண்டாம் டிவிஷன் சாம்பியன். 13 டீம் இருந்த பிரீமியர்ஷிப் 10 ஆச்சு. 2022 மே மாசம் பிரீமியர்ஷிப் கப் ஃபைனல் ஆடுனது வூஸ்டரும் லண்டன் ஐரிஷும், 13 மாசத்துல ரெண்டுமே இல்ல.

கேள்வி: வாஸ்ப்ஸ் திரும்ப வருமா?
(வாசகர், மதுரை)

வூஸ்டர் புது ஓனரோட 2025-26ல ரெண்டாம் டிவிஷனுக்கு வந்துடுச்சு, பழைய சிக்ஸ்வேஸ் கிரவுண்ட்லயே. கிரவுண்டும் ஊரும் கூடவே இருந்ததுதான் அதுக்கு காரணம்னு நினைக்கிறேன். வாஸ்ப்ஸுக்கு கோவென்ட்ரி கைய விட்டுப் போச்சு, லண்டன்லயும் இடம் இல்ல. வரணும்னு மனசார ஆசப்படுறேன், ஆனா எங்க ஆடப் போறாங்கன்னு தெளிவாகாம நம்பிக்கையா சொல்ல முடியல.

கேள்வி: நான் இங்கிலாந்துலதான் இருக்கேன், பையனுக்கு ஒரு ரக்பி கிளப் சீசன் டிக்கெட் எடுக்கணும். அந்த கிளப்பும் மூடிட்டா?
(வாசகி, ரெடிங்)

தாராளமா எடுங்க, பையன் ஆசப்படுறத நிறுத்தாதீங்க. ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி கம்பெனீஸ் ஹவுஸ்ங்கிற அரசாங்க கம்பெனிப் பதிவு ஆபீஸ் வெப்சைட்ல கிளப்போட வருஷக் கணக்கப் பாருங்க, இலவசம்தான். கணக்கு கெடு தேதிக்குள்ள தாக்கல் ஆயிருக்கா, ஓனர் குடுத்த கடன் வருஷா வருஷம் ஏறுதா, கிளப் தொடர்ந்து நடக்குமாங்கிறதுல ஆடிட்டர் சந்தேகம் எழுதியிருக்காரா, இந்த மூணையும் பாத்தா போதும். அப்புறம் டிக்கெட் விலை 100 பவுண்டுக்கு மேலன்னா டெபிட் கார்டு வேணாம், கிரெடிட் கார்டுல நேரா கிளப் கிட்டயே வாங்குங்க. கிளப் மூடிட்டா சீசன் டிக்கெட் வச்சிருக்கவங்க கிளப்லேர்ந்து பணம் வரவேண்டியவங்க வரிசைல கடைசிப் பக்கம்தான் நிக்கணும், ஆனா கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா சட்டப்படி கார்டு குடுத்த பேங்க் கிட்டயே அந்தப் பணத்தக் கேக்கலாம்.