பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற ஆளோட வேலை செய்யறது எப்படி? கேள்வி பதில்

பதினெட்டு வருஷமா டீம் நடத்தறேன், இந்தப் பிரச்சனையில நிறைய அடிபட்டிருக்கேன். கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: ஒருத்தர்கிட்ட தப்பை எடுத்துச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசவே மாட்டேங்கறார், வேலையும் அப்படியே நிக்குது.

பதில்: இதைத்தான் பாசிவ் அக்ரசிவ்னு சொல்றோம். 1945லயே அமெரிக்க ராணுவத்துல வில்லியம் மெனிங்கர்ங்கற மனநல டாக்டர் சிப்பாய்கள்கிட்ட இதைக் கவனிச்சிருக்கார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசவும் முடியாது சொன்னதைச் செய்யவும் மனசில்ல, அதனால மூஞ்சியைச் சுளிக்கறது, வேணும்னே இழுத்தடிக்கறது. தயவுசெஞ்சு சமாதானப்படுத்தப் பின்னாடியே போகாதீங்க. "நேத்து நான் சொன்னது கஷ்டமா இருந்தா சொல்லுங்க, கேக்கறேன், ஆனா ரிப்போர்ட் வியாழக்கிழமை எனக்கு வேணும்"னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க.

கேள்வி: அவர் முடிக்காத வேலையை நான்தான் ராத்திரி உக்காந்து முடிக்கறேன். விட்டா கிளையன்ட் கத்துவாங்க.

பதில்: இதைப் படிக்கும்போதே மனசு கஷ்டமாயிருச்சு, ஏன்னா நானும் இதையே செஞ்சிருக்கேன். எரிக் பெர்ன்னு ஒரு மனநல மருத்துவர், நமக்குள்ள பெற்றோர், பெரியவர், குழந்தைன்னு மூணு நிலை இருக்கு, ஒருத்தர் பெற்றோர் மாதிரி பேசினா எதிர்ல இருக்கறவர் குழந்தையா மாறிடுவார்னு விளக்கினார். நீங்க தாங்கத் தாங்க அவர் சின்னப் புள்ளையாவேதான் இருப்பார். ஒரு பையனுக்காக நான் ரெண்டு வருஷம் இப்படி மூடி மறைச்சேன், அப்புறம் அவன் வேற டீமுக்குப் போய்த் திணறினப்ப எனக்கே போன் பண்ணி "அப்பவே ஏண்ணா என்கிட்ட சொல்லல"ன்னு கேட்டான், என்கிட்ட பதிலே இல்ல. அதனால வேலையைத் திருப்பிக் கொடுங்க, "எப்ப முடிப்பீங்க, எங்க சிக்கல்?"னு கேட்டுத் தேதியை அவர் வாயாலயே வாங்குங்க, தள்ளிப்போகும்னு தெரிஞ்சா மேனேஜருக்கு முன்னாடியே சொல்லிடுங்க. முதல் தடவை கொஞ்சம் சேதாரம் ஆகத்தான் செய்யும்.

கேள்வி: மேனேஜரே பழியை நம்ம மேல போடறவரா இருந்தா?

பதில்: மீட்டிங் முடிஞ்ச உடனே "நீங்க சொன்னபடி இதைச் செய்யறேன்"னு ரெண்டு வரி மெயில். அவரை மாத்தப் பாக்காதீங்க.

கேள்வி: இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தானோ?

பதில்: இல்லவே இல்ல, அம்பது வயசுலயும் பாத்திருக்கேன். தப்பை ஒளிக்கறவங்க எல்லாரும் பொறுப்பில்லாதவங்களும் இல்ல. ஏமி எட்மண்ட்சன்ங்கற அமெரிக்கப் பேராசிரியை ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ஞ்சப்ப, நல்லா நடக்கற டீம்லதான் மருந்துத் தப்புகள் அதிகமா பதிவாகியிருந்துச்சு, காரணம் அவங்க பயப்படாம வெளிய சொன்னாங்க. திட்டு விழற இடத்துல யாரா இருந்தாலும் மறைக்கத்தான் பாப்பாங்க.

கேள்வி: எழுதவே வெக்கமா இருக்கு, நீங்க சொல்ற அந்த ஆள் நான்தான்.

பதில்: இதைக் கேக்கறதுக்கே தைரியம் வேணும். தப்பு வெளிய வர்ற அந்த நிமிஷம் வர்ற கூச்சத்தைத் தாங்க முடியாமத்தான் காரணம் தேடறோம். இந்த வாரம் ஒரு சின்னத் தப்பு நடந்தா அன்னைக்கே போய் "என் தப்புதான், நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்"னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு காரணமும் சொல்லாதீங்க. என்ன ஆச்சுன்னு வந்து எழுதுங்க, காத்திருக்கேன்.