பழைய விசைப்படகின் தளமும் வடிகாலும்: கேள்வி பதில்

சிறிய ஃபைபர் விசைப்படகுகளின் தளத்தைப் பிரித்து மீண்டும் கட்டுவது குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எனக்குக் கைப்பழக்கம் உள்ளவை மரமும் ரெசினும் (ஃபைபரை இறுக வைக்கும் பிசின்) வடிகாலும்தான். எஞ்சின் பற்றிய கேள்விகளை எஞ்சின் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, என் படகு 1980களில் கட்டப்பட்டது, நீளம் 5 மீட்டர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மிதித்தால் தளம் அமுங்குகிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. அமுங்கும் இடம் நீர் வந்து தேங்கிய இடம். அது நுழைந்த இடம் வேறெங்கோ இருக்கும். இவ்வகைப் படகுகளில் தளப்பலகையைத் தாங்குபவை நீளவாக்கில் ஓடும், ஃபைபர் போர்த்திய மரச்சட்டங்கள். அவற்றின் அடியில் நீர் கடந்துசெல்லத் துளை போட்டவர்கள், பல படகுகளில் அத்துளையின் உட்சுவருக்கு ரெசின் பூசாமல் விட்டுவிட்டார்கள். மரத்தின் வெட்டுவாய் அங்கே ஆண்டுக்கணக்கில் நீரைக் குடிக்கிறது. ஒரு படகில் அப்படிப்பட்ட துளைக்குள் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் தேயிலைச் சக்கை போலக் கறுத்த மரத்தூள் அப்பியிருந்தது. அதே சட்டத்தில் இரண்டு முழம் தள்ளி, மரம் அறுத்த நாளின் நிறத்திலேயே இருந்தது.

ஆகவே ரம்பத்தை எடுப்பதற்கு முன் தளம் முழுவதையும் பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் டக்கென்று தெறிக்கும். இற்றது தொப்பென்று அடங்கும். ஐயமுள்ள இடங்களில் 6 மி.மீ. துளையிட்டு, வரும் தூள் ஈரமாகவும் கறுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையிலும் இதைச் செய்யுங்கள். சோதனைக்காகப் போட்ட துளையானாலும் அன்றே எபாக்ஸி ரெசினால் அடைத்துவிடுங்கள்.

வெட்டும்போது வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆழமாக வைத்தால், தளம் படகின் அடியோட்டை (நீரைத் தொடும் வெளி உடலை) நெருங்கும் ஓரங்களில் அந்த அடியோட்டையே அறுத்துவிடுவீர்கள். ஓரத்தில் 5 செ.மீ. விளிம்பு விட்டு வெட்டினால் புதுப்பலகை அதன்மேல் உட்காரும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் படகைப் பல இடங்களில் அடியிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாச் சட்டங்களையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் அடி தொய்யும். அந்தத் தொய்வின்மேல் புதுச்சட்டம் ஒட்டிவிட்டால் கோணல் நிலைத்துவிடும். பிறகு வேகமெடுக்கும்போது அணியம் (படகின் முன்முனை) கீழே குத்தும், அல்லது படகு ஓயாமல் துள்ளும்.

கேள்வி: பழைய தளத்தை எடுக்காமல், அதன்மேலேயே புதிய பிளைவுட் ஒட்டிவிடலாமா?

கூடாது. கீழே உள்ள ஈரத்தை மூடிப் பூட்டுகிறீர்கள், எடையும் கூடுகிறது.

கேள்வி: எந்தப் பலகை, எந்த ரெசின்? பாலியெஸ்டர் விலை குறைவு என்பதால் கேட்கிறேன்.

இந்த அளவுப் படகுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் பொதுவாகப் போதும், பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரக்குறியீடு உள்ளதைக் கேளுங்கள். மருந்தேற்றிய கட்டுமானப் பலகை இற்றுப்போகாது என்று சிலர் அதை வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் ஈரத்தோடுதான் விற்பனைக்கு வருகிறது, ரெசின் அதில் சரியாகப் பற்றுவதில்லை.

பாலியெஸ்டர் படகைக் கட்டப் போதுமானதாக இருந்தது, உண்மைதான். ஆனால் பழைய, இறுகிய பரப்பின்மேல் எபாக்ஸியின் பிடிப்பு அதைவிட வலுவானது. பழுதுபார்ப்பில் எல்லா ஒட்டுமே பழைய பரப்பின்மேல்தான் நடக்கிறது. எபாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் பூசினால் அது சரியாக இறுகாமல் போகலாம் என்பதால், ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே செல்லுங்கள். வழக்கமான ஃபைபர் பாயில் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த ‘மேட்’) உள்ள பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது; எபாக்ஸியோடு நெய்த அல்லது தைத்த துணியையே பயன்படுத்துங்கள். பரப்பை முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு, அதன் பிறகே 40 எண் உப்புத்தாளால் தேயுங்கள். முறை மாறினால் பழைய பரப்பில் உள்ள மெழுகைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். எபாக்ஸி வெயிலில் கெடும். மேலே பெயின்ட் கட்டாயம் வேண்டும். ஃபைபர் தூசிக்கு முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: தளத்துக்கு அடியில் இருந்த ஃபோம் நனைந்து கிடக்கிறது. அதே போலப் புது ஃபோம் ஊற்றவா?

படகு மூழ்காமலிருக்க மிதவையாக ஊற்றும் ஃபோம் புதிதாக இருக்கும்போது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோதான். தளத்துக்கு அடியில் 200 லிட்டர் இருந்தால் அதன் எடை 6.5 கிலோவுக்குள் அடங்கும். அதில் பாதி இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் 100 கிலோ கூடுகிறது. ஒரு பெரிய ஆள் இறங்காமல் எப்போதும் படகில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நனைந்ததை முழுதாக அள்ளி எடுங்கள். வெயிலில் உலர்த்திப் பயனில்லை. முன்பிருந்தது போலவே அடிமுதல் தளம்வரை நிரப்பாதீர்கள்.

இதற்கு ஒருவர் எழுதியது: அப்படியானால் ஃபோமே வேண்டாம். காலியாக விட்டால் காற்றோட்டம் இருக்கும், நீரும் வடியும். என் படகை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நீங்கள் சொல்லும் காற்றோட்டத்தின் நன்மையை ஏற்கிறேன். முடிவை ஏற்க மாட்டேன். ஃபைபர் நீரைவிட அடர்த்தியானது, எஞ்சினும் அப்படியே. மிதவைப் பொருள் இல்லாத படகில் நீர் நிறைந்தால் அது மூழ்கும். மிதவை உள்ள படகு, விளிம்புவரை நீர் நிறைந்தாலும் மேலே நிற்கும்; அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்க முடியும். வேலை எளிதாகிறது என்பதற்காக அதை எடுத்துவிடச் சொல்ல என்னால் முடியாது.

மற்றொருவர்: கண்ணறைகள் மூடிய ஃபோம் நீரைக் குடிக்காது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

சில நாள் நனைவதைப் பற்றி அது சரி. இருபது ஆண்டுகள் நீரில் கிடந்து, அலையின் ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்து, சட்டத்தோடு உராயும் ஃபோமில் கண்ணறைச் சுவர்கள் சிதைகின்றன. நான் வெட்டி எடுத்த ஒரு கட்டியின் மேற்பாதி உலர்ந்து நொறுங்கியது. கீழ்ப்பாதியை இரு கைகளாலும் பிழிந்தபோது மணிக்கட்டு வழியாக நீர் ஒழுகியது. ஃபோமைப் பழிக்கவில்லை, வடிய வழியில்லாத இடத்தில் அதை வைத்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கே வைப்பது என்பதுதான் இந்த விவாதத்தில் இருவரும் தொடாத கேள்வி. மிதவை முழுவதும் அடியில் இருந்தால், நீர் நிறைந்த படகில் அது மேலே வர முயலும்; படகு கவிழும். இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி, இயன்ற அளவு உயரத்தில் வைத்தால் படகு நேராக மிதக்கும். அடியில் வைத்தே ஆகவேண்டியதை வெட்டிய கட்டிகளாக வையுங்கள். நடுக்கோட்டிலும் சட்டங்களின் ஓரத்திலும் நீர் ஓட வழி விடுங்கள். தெர்மாகோல் பயன்படுத்தாதீர்கள்: பெட்ரோலும் பாலியெஸ்டர் ரெசினும் அதைக் கரைத்துவிடும். முன்பிருந்த அளவுக்குக் குறையாமல் மிதவையைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: எங்கள் தளம் சிறு பகுதிதான் கெட்டிருக்கிறது. அதன்மேல் மெல்லிய பலகை ஒட்டினால்கூடத் தவறா?

மேலே பதில் சொல்லிவிட்டேன். பலகை மெல்லியது என்பதால் அடியிலுள்ள ஈரம் குறையாது.

கேள்வி: தளத்தில் விழும் நீர் தானாக வெளியேறும்படி பின்புறம் இரண்டு துளைகள் வைக்க விரும்புகிறேன். எவ்வளவு உயரத்தில்?

படகை நீரில் இறக்குங்கள். எரிபொருளை முழுதாக நிரப்புங்கள். வழக்கமாக வருபவர்களின் எடையைப் பின்பக்கமாக ஏற்றுங்கள். அப்போது வெளியே நீர் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். தளம் அந்தக் கோட்டுக்குத் தெளிவாக மேலே இருந்தால்தான் அது தானே வடியும் தளம். இல்லையென்றால் நீங்கள் வைக்கும் துளை நீரை உள்ளே கொண்டுவரும்; நீர் திரும்பி வராமலிருக்கத் துளையில் மாட்டும் தடுப்பு மடல் ஒரு சிறு குப்பை சிக்கினாலே மூடாது. தளத்தை உயர்த்திவிடலாம் என்று தோன்றும். தளம் உயர்ந்தால் ஆட்களின் எடையும் உயர்கிறது, பக்கச் சுவரின் உயரம் குறைகிறது. படகு எளிதில் சாயும். தளம் தாழ்ந்த படகில் நீரைப் பில்ஜுக்கு (தளத்துக்கு அடியில் நீர் சேரும் பள்ளத்துக்கு) இறக்கி, தானியங்கிப் பம்பால் வெளியேற்றுவதே சரி. பம்பின்மேல் எழுதியுள்ள அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாமல் எடுத்த அளவு. உங்கள் குழாயில் அதைவிடக் குறைவாகவே வரும்.

கேள்வி: சட்டங்களில் உள்ள வடிகால் துளைகளின் உட்சுவரில் நீர் ஊறாமல் எப்படித் தடுப்பது? சிறிய பிளாஸ்டிக் குழாய் சொருகினால் போதுமா?

பி.வி.சி. குழாயில் எபாக்ஸி நன்றாகப் பற்றாது. சுற்றியுள்ள மயிரிழை இடைவெளி வழியாக நீர் மரத்துக்குள் போகும். 35 மி.மீ. துளையிட்டு, பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் 25 மி.மீ. துளையிடுங்கள், சுற்றிலும் 5 மி.மீ. சுவர் கிடைக்கும். அடியோட்டுக்கும் துளையின் கீழ்விளிம்புக்கும் இடையே மேடு இருந்தால் அங்கே எப்போதும் ஒரு குட்டை நிற்கும். அதைத் தேய்த்துச் சமமாக்குங்கள். தளத்தில் இருக்கை மாட்டும் திருகுத் துளைகளுக்கும் இதே முறைதான்.

கேள்வி: எஞ்சினை எந்த உயரத்தில் மாட்டுவது?

மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: தளத்துக்கு அடியில் அலுமினிய எரிபொருள் தொட்டி இருக்கிறது. நன்றாகத்தான் தெரிகிறது. அப்படியே விடலாமா?

மேற்பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஈர ஃபோம் ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தில்தான் அலுமினியம் குழிகுழியாக அரிக்கப்படும். தளம் திறந்திருக்கும்போதே தொட்டியை வெளியே தூக்கிப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். தொட்டியையும் ஆவியையும் வெளியேற்றாமல் ரம்பமோ தேய்ப்பு இயந்திரமோ தொடாதீர்கள்.

கேள்வி: பழைய தளத்தின்மேல் ரெசின் மட்டும் ஊற்றினால்?

இல்லை. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: எல்லாம் முடிந்தபின் வடிகால் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

முடிந்தபின் அல்ல, தளப்பலகையை ஒட்டுவதற்கு முன் அறிய வேண்டும். அணியத்தைச் சற்று உயர்த்தி, பின்பலகையின் அடைப்பைக் கழற்றி, முன்பக்கத்தில் ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். உலர்த்தி, அங்கே கெட்டி எபாக்ஸியால் மேடாக்கி, மீண்டும் ஊற்றுங்கள். நான் சில படகுகளில் நான்கு முறை ஊற்றியிருக்கிறேன். எங்கும் தேங்காமல் வாளி நீர் முழுவதும் பின்னால் வெளியேறிய பிறகு, இரண்டு நாள் உலரவிட்டுப் பலகையை ஒட்டுங்கள்.