போல்ட்டைக் கழற்றியும் வீல் பேரிங் வரவில்லை, என்ன செய்வது?

பிடித்துக்கொண்டிருப்பது நக்கிளுக்கும் (பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) பேரிங்குக்கும் நடுவே உள்ள துருதான். வண்டி ஜாக் ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏபிஎஸ் சென்சாரை (சக்கர வேகத்தை அளப்பது) கழற்றி ஒதுக்கிவிட்டு, துருநீக்கி எண்ணெயை இடுக்கில் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஆக்ஸில் நட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி விலக்குங்கள்.

பிறகு கழற்றிய ஹப் போல்ட்களை (பேரிங்கை நக்கிளோடு பிடிப்பவை) மறுபடி பாதி மட்டும் உள்ளே திருகி, பின்பக்கமிருந்து அவற்றின் தலையில் மாறிமாறி அடியுங்கள். ஒரே போல்ட்டை அடித்தால் பேரிங் கோணி இன்னும் இறுகும். அடிவாங்கிய போல்ட்களைத் திரும்பப் போடாதீர்கள். எண்ணெய் அடித்த இடத்தில் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுவது வேண்டாத வேலை: தீப்பிடிக்கும், ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் கருகும்.

ஸ்நாப் ரிங் (பேரிங் நகராமல் தடுக்கும் வளையம்) வைத்து அழுத்திப் பொருத்திய வகை என்றால் சுத்தியல் வேலைக்காகாது, அழுத்தித் தள்ளும் பிரஸ் இயந்திரம் வேண்டும். ஹப்பில் (சக்கரம் மாட்டும் பாகம்) பேரிங்கின் உள்வளையம் தங்கிவிட்டால் கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும்.