மாதத்துக்கு அடங்காத பில்கள்

ஒரு மாதம் கையில் பணம் மிஞ்சுகிறது, அடுத்த மாதம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சம்பளம் 26,000 ரூபாய். சொந்தமாகச் சின்ன வீடு, வாடகை இல்லை. எங்கே தவறு செய்கிறேன்? – பெரம்பூர் வாசகி

உங்கள் செலவில் தவறு இல்லை அம்மா, நாட்காட்டியில்தான் சிக்கல் இருக்கிறது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பில்கள் அப்படி வருவதில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சிலிண்டர் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. செல்போன் ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய தொகைகளையே எடுத்துக்கொள்கிறேன். மின்சாரம் 1,600 ரூபாய்; மாதத்துக்கு 800. சிலிண்டர் 900 ரூபாய், ஆண்டுக்கு எட்டு, மாதத்துக்கு 600. இரண்டு போன்கள், தலா 300 ரூபாய், பதின்மூன்று முறை, மாதத்துக்கு 650. சொத்து வரி அரையாண்டுக்கு 900, மாதத்துக்கு 150. ஆக மொத்தம் மாதம் 2,200 ரூபாய். ஆனால் மின்கட்டணம், சிலிண்டர், ரீசார்ஜ், வரி நான்கும் ஒரே மாதத்தில் விழுந்தால் 4,000 ரூபாய் வேண்டும். வெறும் ரீசார்ஜ் மட்டும் வரும் மாதத்தில் 600 போதும். அந்த 600 ரூபாய் மாதத்தில் மிஞ்சுவதுபோல் தெரிகிறதே, அது மிச்சம் இல்லை, அடுத்த மாதத்துப் பணம். சம்பளம் வந்த அன்றே 2,200 ரூபாயை எடுத்துத் தனி டப்பாவிலோ தனி வங்கிக் கணக்கிலோ போட்டுவிடுங்கள். பில் எப்போது வந்தாலும் அதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். சென்னையில் சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. செல்போனுக்கு, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் தேடிப் பார்த்து, விலை ஒத்துவந்தால் மாறிக்கொள்ளுங்கள்.

போன முறை 480 யூனிட், இந்த முறை 520. நாற்பது யூனிட்தான் கூடுதல், கட்டணம் மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது? – மதுரை வாசகர்

இந்தக் கேள்வி கோடைக்குக் கோடை வருகிறது. 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500க்குள் இருப்பவருக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், 101இலிருந்தே 4.50 ஆகிவிடும், கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அதாவது, அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் பில் இந்தத் தொகையோடு ஒத்துப்போகாது. ஆனால் தாவல் எங்கிருந்து வருகிறது என்பது இதில் விளங்கும்.

கணக்கெடுத்த தேதியையும் அளவையும் மின் அட்டையிலிருந்து குறித்துக்கொண்டு, முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில் ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். பில் வந்தபின் வருந்துவதைவிட நடுவில் ஒருமுறை பார்ப்பது எவ்வளவோ மேல். கணக்கெடுக்க வருபவர் பத்து நாள் தாமதித்தால் அந்தப் பத்து நாள் யூனிட்டும் இதே பில்லில் ஏறி, 500ஐத் தாண்ட வைத்துவிடும். அப்படி நேர்ந்தால் தயங்காமல் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 140 யூனிட் ஆகிறது. – திருப்பூர் வாசகர்

1,260 ரூபாய் கொடுக்கிறீர்கள். தனி இணைப்பு இருந்தால், மேலே சொன்ன கட்டணப்படி, நூறு போக மீதி நாற்பது யூனிட்டுக்கு 90 ரூபாய்தான். மாதத்துக்கு 585 ரூபாய் நட்டம். குறைந்த மின்சாரத்தில் குடும்பம் நடத்துகிறவர்தான் இதில் அதிகம் இழக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் வீட்டுக்காரரிடம் தனி இணைப்புக்குக் கேட்டுப் பாருங்கள். அடுத்த வீடு பார்க்கும்போது தனி மீட்டர் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் உங்களுக்கு லாபமே.

சிலிண்டர் கொண்டுவருபவர் பில் தொகைக்கு மேல் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கி வருபவருக்கு மனமுவந்து கொடுப்பது வேறு. கொடுத்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள்.

அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வாங்குகிறோம். மாதக் கடைசியில் தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. – தஞ்சாவூர் வாசகி

நோட்டை விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்குக் கைகொடுக்கும் கடை அது. ஆனால் கூட்டல் மாதக் கடைசியில் வேண்டாம், ஞாயிறுதோறும் போடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கும்போது, அதைத் தவறவிட்டுவிட்டுக் கடையில் எழுதி வாங்குவதுதான் நீங்கள் அனுப்பிய பக்கங்களில் என் கண்ணில் பட்ட பெரிய ஓட்டை.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. அதையும் வீட்டு பில்லுக்கே போடச் சொல்கிறார் கணவர். – விழுப்புரம் வாசகி

2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் தொகையின் பெயரிலேயே உரிமை என்று இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியாத நிலை என்றால் போடத்தான் வேண்டும்; நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை. மின்கட்டணமும் சிலிண்டரும் இருவர் வருமானத்துக்கும் பொதுவான செலவு. முழுவதையும் பிடித்துவைக்க முடியாவிட்டால் பாதியையாவது உங்கள் பெயரில் வையுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே சேரலாம், ஐந்து ஆண்டுக் கணக்கு. 500 ரூபாய் வீதம் கட்டினால் வட்டி இல்லாமலே 30,000 ரூபாய் சேரும். ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படங்களோடு அருகிலுள்ள அஞ்சலகத்துக்கு இந்த வாரமே போய்வாருங்கள்.