கவுன்சிலிங் என்றால் சீட் வாங்கித் தருவது இல்லை, அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாவது முறை வரவில்லை. "பாப்பா பி.ஏ. இங்கிலீஷ் முடிக்கப் போறா, பி.எட். சேருன்னா மாட்டேங்கா, காலேஜ்ல கவுன்சிலிங் வேலைக்குப் போவேங்கா, கமிஷனுக்கு சீட் பிடிச்சுக் கொடுக்கிற வேலையா தம்பி அது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல்லை ரேங்க் பட்டியலுக்கும் கட்-ஆஃபுக்கும் எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருடம் மாணவர் ஆலோசகராக இருந்தேன். ஒவ்வொரு மே, ஜூனிலும் என் அறைக் கதவில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு யாராவது உள்ளே வந்து "ஈசிஇ-க்கு கட்-ஆஃப் எவ்வளவு சார்?" என்பார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அட்மிஷன் பிரிவுக்கு வழி சொல்லி அனுப்புவேன்.

பாப்பா சொல்வது சீட் கிடைத்த பிறகு ஆரம்பிக்கிற வேலை. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளை, முதல் வாரமே வகுப்பில் எல்லாம் இங்கிலீஷில் ஓடுவதைப் பார்த்து மிரண்டு போகும். அம்மா கையால் சாப்பிட்டுப் பழகியது ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும். மருத்துவம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்த பிள்ளை, உடம்பு இங்கேயும் மனசு அடுத்த வருட நீட்டிலுமாக இருக்கும். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிற பையனுக்கு வேலை தெரியும், கணக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும். அப்புறம் கடைசி வருடம்: கேம்பஸில் தேர்வாகாதவர்கள், அரியரோடு வெளியே போகிறவர்கள், ரிசல்ட் வருவதற்குள் கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட பெண்கள். இப்படி ஒரு கட்டத்தில் இருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாண்டும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பொறியியல் கல்லூரிகள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று, தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கவனிக்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2017-இல் சொன்னது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, அதையே 'தீக்ஷாரம்ப்' என்று பெயர் வைத்து எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டு வந்தது. நான் பார்த்த இடங்களில் அது பெரும்பாலும் சால்வை, சிறப்பு விருந்தினர், "கனவு காணுங்கள்" பேச்சு என்று முடிந்துவிடும். ஆனால் பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்குவது அந்த மூன்று வாரம் முடிந்து, முதல் இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வரும்போது. அதற்குள் பந்தலைப் பிரித்திருப்பார்கள். வகுப்புக்கு ஒரு மென்டர், அதாவது வழிகாட்டி, என்று ஆசிரியர்களைப் போட்டிருப்பார்கள்தான், அவர்களும் பாவம், இருக்கிற வகுப்புகளுக்கு நடுவில் கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் (NAAC) குழு வருகிறது என்றதும் ஒரே ராத்திரியில் மென்டர் நோட்டில் கையெழுத்து வாங்கி முடிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவிடமும் சொல்லுங்கள், அல்லது இதைப் படிக்கவே கொடுத்துவிடுங்கள்.

ஒரு பையன் டிசி வேண்டும் என்று வந்தான். அரசுப் பள்ளியில் படித்தவன், வீட்டில் முதல் பட்டதாரி. "படிப்பு பிடிக்கலை சார்" என்றான். நான் புதுசாகப் படித்துவிட்டு வந்த மிதப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, சின்ன ஊரில் இருந்து ஐஏஎஸ் ஆனவர் கதை எல்லாம் வந்தது. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான், நானும் மனசு மாறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. நாலு நாள் கழித்து அவன் அறைத் தோழன் சொல்லித்தான் தெரிந்தது, மெஸ் பாக்கி ஏறிப்போய் ஹாஸ்டல் வாசலில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உதவித்தொகை வரவில்லை. வராததற்குக் காரணம், அவன் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை. அரை நாள் வேலை அண்ணாச்சி, வங்கிக்கு ஒரு நடை, அலுவலகத்தில் ஒரு கடிதம், வார்டனிடம் ஒரு மாதத் தவணை. எனக்கு அது ஒன்றும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அவன் திரும்பி வரவே இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி மாற்றக் காலங்களைப் பற்றி நான்சி ஷ்லாஸ்பெர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981-இல் முன்வைத்த கோட்பாடு ஒன்று உண்டு, நான் அதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். சுருக்கினால் நாலு கேள்விதான்: என்ன நடந்திருக்கிறது, இவர் எப்படிப்பட்டவர், இவருக்குத் துணை யார், சமாளிக்க இவர் கையில் என்ன வழி இருக்கிறது. அந்தப் பையனிடம் முதல் கேள்வியைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. அவன் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே நம்பி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் பாப்பாவுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். காது கொடுத்துக் கேட்பது இந்த வேலையில் பாதி, மீதிப் பாதி ஆபீஸ். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் எவ்வளவு வரை மருத்துவச் சான்று கொடுத்துச் சரிக்கட்டலாம், அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் யாருக்கு வரும், ஏன் சில பேருக்கு நின்றுபோகிறது, முதல் பட்டதாரி சலுகைக்கு எந்தச் சான்றிதழ், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்த பிள்ளையிடம் கட்டணம் கேட்டால் யாரிடம் போய் நிற்பது, படிப்பை விட்டுப் போகிறவனின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருப்பது, இத்தனையும் விரல் நுனியில் இருக்க வேண்டும். மனசு பாரமாக இருக்கிறது என்று வருகிற பத்துப் பேரில் பல பேருக்கு அந்தப் பாரத்துக்கு அடியில் ஒரு காகிதம் மாட்டிக்கொண்டிருக்கும். அதை உருவி எடுக்கத் தெரிந்த ஆலோசகரிடம்தான் பிள்ளைகள் இரண்டாவது முறை வருவார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்கச் சம்பளம் குடுப்பானா?"

கொடுப்பார்கள், நிறையக் கொடுக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை தனியார் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் 20,000 ரூபாயைச் சுற்றித்தான் இருக்கிறது, பல இடங்களில் ஒப்பந்த வேலை. பெரிய மத்திய நிறுவனங்களில் இதைவிட நன்றாக இருக்கும், அங்கேயும் ஒப்பந்தம்தான் அதிகம். வேலையின் பெயரே இடத்துக்கு இடம் மாறும்: ஸ்டூடன்ட் கவுன்சிலர், வெல்னஸ் சென்டர், ஸ்டூடன்ட் அஃபேர்ஸ், மாணவர் நலன். விளம்பரம் தேடும்போது இத்தனை பெயரிலும் தேட வேண்டும். "நிரந்தரம் வேணும் தம்பி" என்றீர்கள் என்றால், முதுகலை முடித்து நெட் என்கிற தகுதித் தேர்வில் தேறி சமூகப்பணித் துறையிலோ உளவியல் துறையிலோ உதவிப் பேராசிரியராகப் போய், கூடவே ஆலோசனை மையத்தையும் எடுத்து நடத்துவதுதான் வழி. அந்தப் பணிக்கு யுஜிசி அளவில் அடிப்படைச் சம்பளமே 57,700. ஆனால் அந்த நாற்காலிகள் கொஞ்சம், கேட்கிறவர்கள் கூட்டம், சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அந்த அளவு சம்பளமும் கிடையாது. மறைத்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு 17 வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், நாடு முழுவதற்குமாக 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனம் எதுவானாலும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர், சமூகப்பணியாளர் இவர்களில் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தேர்வுக் காலத்திலும் படிப்பில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போதும் சின்னச் சின்னக் குழுக்களுக்குத் தனியாக ஆள் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பாப்பா கேட்கிற வேலையை நீதிமன்றமே எழுதி வைத்த மாதிரி. தாளில் இருப்பது தரைக்கு வரக் கொஞ்சம் காலம் ஆகும், சில கல்லூரிகள் ஏற்கெனவே இருக்கிற இங்கிலீஷ் மேடத்தையே ஆலோசகர் என்று எழுதிக் காட்டவும் செய்யும். இருந்தாலும் நான் சேர்ந்த காலத்தில் இந்தப் பிடிமானம்கூட இல்லை.

எதைப் படிப்பது? பி.ஏ. இங்கிலீஷ் முடிப்பவளுக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தப் பட்டம் முடித்தவர்களையும் பெரும்பாலான கல்லூரிகள் அதற்கு எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வருடமும் வாரத்தில் சில நாள் களப்பணி என்று வெளியே அனுப்பிவிடுவார்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காவல் நிலையம் என்று அலைய வேண்டியிருக்கும், அந்த அலைச்சல்தான் படிப்பே. மதுரை சமூக அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், சென்னையில் லயோலா, 1952-இலிருந்து நடக்கிற எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எல்லாம் உண்டு. மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். உளவியல்தான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி, ஆனால் பி.ஏ. இங்கிலீஷை ஏற்கிறார்களா என்று ஒவ்வொரு கல்லூரியாகக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அஞ்சல் வழியில் சைக்காலஜி, வீட்டிலிருந்தே கவுன்சிலர் ஆகலாம் என்று போனில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். மருத்துவத் துணைத் தொழில்களுக்கும் நலவாழ்வுத் தொழில்களுக்குமாக 2021-இல் வந்த சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதால், 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அதைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்தச் சொல்லிவிட்டது. யாராவது பட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால் முதலில் யுஜிசி தளத்தைப் பாருங்கள். மூன்று நாள் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு ஆலோசகர் என்று பலகை வைக்கிறவர்கள் வேறு ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார்கள், அந்த வழி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பாப்பா டாக்டர் ஆகப் போவதில்லை. நோய் இன்னது என்று கண்டுபிடிப்பது, மாத்திரை எழுதுவது எல்லாம் மனநல மருத்துவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்பதும் தனி, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு வேண்டும். இவள் வேலை, இது நம் கையை மீறியது என்று சரியான நேரத்தில் கண்டுகொண்டு அந்தப் பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது.

நீங்கள் மெசேஜ் முடிவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதும் காதில் விழுந்தது. எந்நேரமும் அழுகையைக் கேட்டால் இவள் மனசு கெட்டுப்போகுமே என்று. கெடும், பார்த்துக்கொள்ளாவிட்டால். எனக்கு இரண்டாவது வருடம் தூக்கமே வரவில்லை. அனுபவமுள்ள மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதம் ஒரு முறை போய் உட்கார்ந்து, என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று பேசுகிற பழக்கம் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அப்படி ஒரு ஆள் இல்லாமல் அவளை வேலைக்கு அனுப்பாதீர்கள். அப்புறம், ரகசியம் காப்பது. "அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?" என்று மேலே இருந்து கேட்பார்கள், பெற்றோர் போன் போட்டு மிரட்டுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் வேலையையே விட்டேன், அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால், பாப்பாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலேஜுக்கு எதிரில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறீர்கள். நான் ஹாஸ்டலில் இருந்தபோது மூன்று நாள் மத்தியானம் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தட்டில் சோற்றைப் போட்டு நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டீர்கள். கல்லாப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய குழந்தை இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருக்கும்?

சரி, உடனே முடிவெடுக்க வேண்டாம். கடைசி செமஸ்டர் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் அவள் கல்லூரியிலேயே முதலாம் ஆண்டில் தமிழ் மீடியத்தில் இருந்து வந்த நாலு பெண்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காரட்டும். பாடம் சொல்லித் தரட்டும், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கட்டும், ஆபீஸில் கூட நிற்கட்டும். அறிவுரை மட்டும் சொல்லக் கூடாது, அதுதான் கஷ்டம். ஏதாவது பயமாக இருந்தால் 14416-க்கு, நம் அரசு 'நட்புடன் உங்களோடு' என்று நடத்துகிற எண்தான், அந்தப் பிள்ளையைப் பேச வைக்கச் சொல்லுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். படிப்பு முடித்த பிறகு அந்த மாதிரி உதவி எண்களில் ஆலோசகராகச் சேர்வதும் நல்ல தொடக்கம், ஒரே வருடத்தில் எத்தனையோ விதமான குரல்களைக் கேட்டுவிடலாம்.

மூன்று மாதம் கழித்தும் அலுக்கவில்லை என்றால் எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத்தை நானே வந்து பூர்த்தி செய்து தருகிறேன். அலுத்துவிட்டது என்றால் பி.எட். எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், கடைக்கு வந்து பேசுவோம். பழைய நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள், என் கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி ஞாபகம்.